தடை சொல்ல வந்தவள்

'பீட விளக்கு' டி.வி. தொடர் ஆரம்பித்த புதிதில் திண்டுக்கல் பங்குக் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் சின்னச் சின்னக் குறைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக நடிப்பவர் செருப்புக் காலோடு பீடத்தில் ஏறினார். அவர் மனைவி ஜெபமாலையைச் சங்கிலி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினாள். கஞ்சி மட்டும் குடிக்க வேண்டிய பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் மீன் வறுத்தார்கள். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வருத்தப்பட்டு எழுத, கீழே பத்துப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஆனாலும் மாலை ஏழரை மணிக்கு எல்லோரும் டி.வி. முன்னால்தான் இருந்தார்கள். தங்களைப் போன்ற ஒரு குடும்பம் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போடுவதை ஒரு தொடரில் பார்ப்பது அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

இந்தக் குறைகளையெல்லாம் ஸ்டான்லியிடம் வந்து சொன்னார்கள். அவர் வடமதுரை சாலையில் டயர் கடை வைத்திருப்பவர். தொடருக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அதில் வரும் உபதேசியாரின் வீடு அவருடைய வீடு என்பதுதான். கோடை விடுமுறையில் படப்பிடிப்புக்குக் கொடுத்திருந்தார். கூடத்தில் இருக்கும் திருஇருதய ஆண்டவர் படம், அதன் கீழே எரியும் நீல பல்பு, சமையலறை ஜன்னல் எல்லாம் அப்படியே திரையில் வந்தன. அதனால் மீன் வறுத்த பாவமும் அவர் தலையில் விழுந்தது.

பிறகு கதை சூடு பிடித்தது. உபதேசியார் தன் மூத்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணத்தைப் பேசி முடித்தார். ஓலையும் வாசித்துவிட்டார்கள். கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசைகளில் மணமக்கள் பெயரைக் கோவிலில் வாசிப்பதைத்தான் ஓலை என்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அது முடியும். யாரும் போய்த் தெரிவிப்பதில்லை. தொடரில் வந்த பெண் இந்த ஓலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஸ்டான்லியின் மகள் இசைவாணிக்கும் அதே வாரங்களில் ஓலை வாசிக்கப்பட்டது. இசைவாணி திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை அஜித் நத்தத்தில் மாங்காய் கமிஷன் கடை நடத்துகிறவன். ஸ்டான்லியைக் கடைத்தெருவில் பார்த்தவர்கள் கேலி பேசினார்கள். "புள்ளையக் கேட்டியா இல்லையாய்யா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். கேட்காமல் என்ன என்று சிரித்தபடி ஸ்டான்லி டீயைக் குடித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு கழிந்து, செவ்வாய்க்கிழமை காலை நத்தத்திலிருந்து பேச்சாயி பஸ் ஏறி வந்தாள். அஜித்தின் அம்மா விக்டோரியாவுக்கு அடுத்த வீட்டுக்காரி. புளி வாங்கி விற்கிறவள். மாரியம்மன் கோவிலுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள் என்றாலும் விக்டோரியா வீட்டில் உட்கார்ந்து ஒரு நாள் விடாமல் 'பீட விளக்கு' பார்த்தாள். பங்குத்தந்தையின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தடை சொல்ல வேண்டும் என்றாள்.

பங்குத்தந்தை குருவாகிப் பல வருடங்கள் ஆகியும் தடை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. அவளை உட்காரச் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கு இஷ்டமில்ல சாமி."

எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டார். டயர் கடைக்காரர் மகளுக்கு என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலில் 'பீட விளக்கு' வந்ததும் பங்குத்தந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சாயி சிரிக்கவில்லை.

"நாடகம்னு எனக்குத் தெரியும் சாமி. நான் ஒண்ணும் கூறுகெட்டவ இல்ல. நிச்சயத்தன்னிக்கி தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனேன். அந்தப் புள்ள காப்பித் தட்ட வச்சுட்டு அதே சன்னலப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. என்னயப் பாத்ததும் மொகத்தக் கழுவிருச்சு. கல்யாணப் பொண்ணு அழுகுறதுதானன்னு வாய மூடிக்கிட்டு வந்துட்டேன். இப்ப தெனமும் அந்தச் சன்னலக் காட்டுறான். ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது."

பங்குத்தந்தையின் முகம் மாறியது. தொடரைப் பார்த்துச் சொன்ன தடையை அவர் ஒதுக்கிவிடலாம். கண்ணால் பார்த்ததை ஒதுக்க முடியாது. சம்மதம் இல்லாத திருமணம் திருச்சபையில் திருமணமே ஆகாது. ஓலைக்கு முன்பே மணமகளைத் தனியாக விசாரித்திருந்தார். அச்சடித்த கேள்வியைப் படித்தார், அவளும் ஆமாம் என்றாள். அப்பா அப்போது திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லாப் பெண்களும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

அன்று சாயங்காலமே இசைவாணியை வரச் சொன்னார். ஸ்டான்லியும் கூட வந்தார். வராந்தாவில் காத்திருந்த பேச்சாயியிடம் விஷயத்தைத் தெரிந்துகொண்டு நேராகப் பங்குத்தந்தையிடம் போனார். நாடகம் பார்த்துவிட்டு வந்து சொல்வதையெல்லாம் கணக்கில் எடுத்தால் இந்த ஊரில் ஒரு கல்யாணமும் நடக்காது என்றார். மூன்றாவது ஓலை நின்றுபோனால் பங்கில் தலைகாட்ட முடியாது என்றார். பங்குத்தந்தை அவரை மறுத்துப் பேசவில்லை. வேப்ப மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டார்.

இசைவாணி வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அழுதது உண்மையா என்று அவர் கேட்டார். அவள் தன் கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"அஜித்த எனக்குப் பிடிச்சிருக்கு ஃபாதர். அதுல தடை இல்ல."

பிறகு எதற்கு அழுதாய் என்று அவர் கேட்டார்.

"அன்னிக்கி நான் காப்பி ஊத்திக்கிட்டிருந்தேன். கூடத்துல பேசுனாங்க. கல்யாணத்துக்கப்புறம் புள்ள வேலைய விட்டுரும், கமிஷன் கடைக் கணக்கப் பாத்துக்கும்னு அத்தை சொன்னாங்க. அதுக்கென்ன, விட்டுரும்னு அப்பா சொன்னாரு. ரெண்டு பேருமே ரொம்ப சந்தோஷமாத்தான் பேசுனாங்க. என்னையக் கேக்கணும்னு யாருக்கும் தோணல. நானும் காப்பியக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

இது திருச்சபைச் சட்டப்படி தடை ஆகாது என்று பங்குத்தந்தை சொன்னார். ஆகாது என்று தனக்கும் தெரியும் என்றாள் அவள். ஆனால் பேசித் தீர்க்காமல் மூன்றாம் ஓலையை வாசிக்கத் தனக்கு மனம் வராது என்று அவர் சொன்னபோதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் பங்குத்தந்தை எல்லோரையும் வரச் சொல்ல, நத்தத்திலிருந்து விக்டோரியாவும் அஜித்தும் பேச்சாயியும் வந்தார்கள். விக்டோரியா மிகுந்த கோபத்தில் இருந்தாள். பெண்ணிடம் அல்ல, பேச்சாயியிடம். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்துவிட்டு அந்த வீட்டுக் கல்யாணத்தையே கெடுக்க வந்தவள் என்று பங்குத்தந்தையின் முன்னாலேயே சொன்னாள். பேச்சாயி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானக்கா சொன்னீக. நாடகத்துல ஓல படிச்சப்ப, அந்தச் சாமியாராச்சும் அந்தப் புள்ளயக் கேக்கக் கூடாதா, பாத்துக்கிட்டிருக்கற ஒருத்தருக்குமா வாயில்லன்னு அழுதீக. எனக்கு வாயிருக்கு. அதான் வந்தேன்."

தான் அப்படிச் சொன்னது விக்டோரியாவுக்கு நினைவிருந்தது. உபதேசியாரை அன்று கல்நெஞ்சன் என்று திட்டியதும் நினைவிருந்தது. ஸ்டான்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசைவாணி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் பாப்பா, எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க எனக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டீங்கப்பா."

இசைவாணி வேலையை விடும் இந்த ஏற்பாடே அஜித்துக்கு அப்போதுதான் தெரிந்தது. நிச்சயத்தன்று அவன் வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். உனக்குக் கூட்டல் ஒழுங்காக வருமா என்று விக்டோரியா அவனிடம் கேட்டாள். மாங்காய் சீசனில் கடையில் கணக்குப் பார்க்க நேரமிருக்காது, யார் சமைப்பது, நத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தால் உடம்பு என்னாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். பாதிக்கு மேல் அவை மறுப்பாக இல்லை, கவலையாக இருந்தன. கடைசியில் இசைவாணியைப் பார்த்து, "காலைல எத்தன மணிக்கும்மா நீ அங்க இருக்கணும்?" என்றாள்.

"எட்டு மணிக்கு, அத்தை."

"அப்ப விடியமுந்தி எந்திரிக்கணும். சீசன் ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஞாயித்துக்கிழம கடைக்கு வந்து ஒத்தாசை பண்ணு. மத்த நாளு உன் வேல."

சரி என்று இசைவாணி சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பூசை முடிந்து வருகிறேன் என்றாள். அதுவும் நியாயம்தான் என்று விக்டோரியா ஒத்துக்கொண்டாள்.

இந்தச் செய்தி சனிக்கிழமைக்குள் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. 'பீட விளக்கில்' அன்று உபதேசியார் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுத்தார்கள். அவள் இன்னும் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். ஸ்டான்லி மறுபடியும் டி.வி.யைப் போட்டிருந்தார். அந்த அப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகளிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டு, தானே போய்ப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கோவில் நிறைந்திருந்தது. நத்தத்திலிருந்து வந்த பெண்கள் தங்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சாயி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு விக்டோரியாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். கோவில் அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் பங்குத்தந்தை மூன்றாம் முறையாக அந்தப் பெயர்களை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகச் சற்று நிறுத்தினார்.

முன்வரிசையிலிருந்து எல்லோரும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார்கள். இசைவாணியும் திரும்பினாள். இத்தனை பேரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பது பேச்சாயிக்குத் தெரிந்தது. தன்னிடம் ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்து எழுந்தாள். விக்டோரியா முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஒண்ணுமில்ல சாமி," என்றாள். "அந்தப் புள்ளயக் கேட்டாச்சு. நீங்க மேல படிங்க."