காராசேவுப் பொட்டலத்தில் வந்த பாலம்

பேப்பர் கட்டு வரவில்லை என்று ரங்கசாமி கையை விரித்ததும் ஈஸ்வரியால் நம்ப முடியவில்லை. ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் ரங்கசாமிதான் மலைக்கே பேப்பர் ஏஜெண்ட். ஆலங்காயத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டு வந்துவிடும். மழை பெய்தாலும் வரும், மரம் விழுந்தாலும் வரும். அன்றைக்கென்று பார்த்தா வராமல் போகவேண்டும்? குப்பை அள்ளவில்லை, பஸ் வரவில்லை என்று நாலு வரிச் செய்தியாக எழுதிக்கொண்டிருந்தவளுக்கு முதல் முறையாக அரைப் பக்கம், அதுவும் படத்தோடு!

"அண்ணே, நல்லா பார்த்தீங்களா? சீட்டுக்கு அடியில எங்கனா..."

"இன்னாம்மா நீ, அது இன்னா ஊசியா தேடறதுக்கு? கண்டக்டரே சொல்லிட்டாரு. ஆலங்காயத்துலயே யாரோ கார்ல வந்து, மலைக்கு வர்ற கட்டு, கடையில தொங்கினது, அல்லாத்தையும் வாங்கினு போய்ட்டாங்களாம். கல்யாணத்துல பந்திக்கு விரிக்கவாம்."

"புரட்டாசியில யாருண்ணே கல்யாணம் வெக்கிறாங்க?"

ரங்கசாமி ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். காண்ட்ராக்டர் தேவராஜ்.

சங்கதி இதுதான். ஈஸ்வரிக்குப் பிழைப்பு தையல் கடை. ரவிக்கை தைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் அவள் பகுதி நிருபர். "மலையில இன்னாத்தை எழுதப்போற, கரடி வந்துச்சுன்னா?" என்று அவளைக் கேலி பேசாத வாய் ஊரில் கிடையாது. போன மாதம் பெரிய சாலையோரம் ஒரு புதுப் பலகையைப் பார்த்தாள். கல்லத்திமேடு கானாற்றில் தரைப்பாலம், பணி நிறைவு என்று பச்சை எழுத்தில் இருந்தது. கல்லத்திமேட்டுக்காரர்கள் கால் வைக்காத பக்கமாகப் பார்த்து தேவராஜ் அதை நட்டிருந்தார். அடடா, ஒரு நல்ல செய்தி எழுதலாம் என்று சந்தோஷமாகத்தான் கிளம்பினாள், பாவம். போய்ப் பார்த்தால் கானாறு இருக்கிறது, கரையில் ஒரு குவியல் ஜல்லி இருக்கிறது, பாலத்தைத்தான் காணோம்.

இடுப்பளவுத் தண்ணீரில் சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஈஸ்வரி படம் எடுத்தாள். முத்தம்மா என்கிற அந்தப் பெண் கரையேறி, முந்தானையைப் பிழிந்துகொண்டே முறைத்தாள்.

"நீயும் படம் புடிக்க வந்தியா?"

"ஆமாங்கா. பேப்பருக்கு எழுதறேன்."

"வர்றவங்கல்லாம் போன்ல புடிச்சினு போறாங்க. எங்க காட்டறாங்கன்னே தெரியல. எங்க ஊர்ல டவரே கெடையாது. என் தங்கச்சிய வலியோட தூளி கட்டி இந்தத் தண்ணியிலதான் தூக்கினு போனோம். அதையும் ஒருத்தன் புடிச்சான். தங்கச்சி பொழச்சா, புள்ள தங்கல." மூட்டையைத் தூக்கப் போனவள் நின்றாள். "உன் பேப்பர்ல நெசமாவே வந்தா ஒண்ணு என் கையில குடு. எட்டாவது படிச்சிக்கீறேன். எங்க ஊருக்கு நானே படிச்சுக் காட்டறேன்."

"சந்தைக்கு வாங்கக்கா. கையிலயே தர்றேன்," என்று ஈஸ்வரி வாக்குக் கொடுத்தாள்.

தேவராஜிடம் கேட்டபோது அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "பாலம் கீதும்மா. தண்ணிக்கு அடியில கீது. தரைப்பாலம்னா தண்ணி மேலதான் போவும்," என்றார். அதையும் ஏன் விடவேண்டும்? மறுபடி போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை காலால் தடவித் தடவி நடந்தாள். மணல் இருந்தது, கூழாங்கல் இருந்தது, ஒரு நண்டு கட்டைவிரலைப் பிடித்தது. பாலம் மட்டும் தட்டுப்படவில்லை.

விஷயம் காதுக்குப் போனதும் தேவராஜ் தையல் கடைக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூட யூனிபார்ம் மொத்தமும் அவளுக்கே வாங்கித் தருகிறாராம். ஈஸ்வரி மிஷினை மிதித்தபடியே, "நூல் இல்லீங்க," என்றாள். வேலூரில் இருந்த செய்தி ஆசிரியரிடமும் ஆள் போயிருக்கிறது. ஆசிரியர் போனில் ஈஸ்வரியைத் துருவியெடுத்துவிட்டார். எங்கே நின்று எடுத்தாய், யார் சாட்சி, தண்ணீரில் இறங்கிப் பார்த்தாயா? கடைசியில் சொன்னார்: "தீபாவளிக்கு முழுப் பக்கம் விளம்பரம் தர்றாராம். அது விளம்பரக்காரங்க பாடு. செய்தி என் பாடு. அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை குறைக்காம போடறேன். நாளைக்கு வருதும்மா."

அந்த நாளைதான் இன்று. இன்றைக்குச் சந்தை. விடிந்தால் காந்தி ஜெயந்தி, கிராம சபை. பாலம் முடிந்தது என்று அங்கே தீர்மானம் போட்டுவிட்டால், கல்லத்திமேட்டுக்கு ஜென்மத்துக்கும் பாலம் வராது. அந்த ஊர்க்காரர்கள் கிராம சபைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சந்தைக்குத்தான் வருவார்கள், மழைக்குப் பயந்து மதியத்துக்குள் காட்டுப் பாதையில் ஏறிவிடுவார்கள். அதற்குள் அவர்கள் கையில் பேப்பர் சேரவேண்டும். பேப்பரோ எந்தப் பந்திக்கோ போய்விட்டது!

ஈஸ்வரி சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் போனில் அனுப்பிய பக்கத்தை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். "இது போலி. போன்லயே செஞ்சது," என்று உடனே பதில் வந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துச் சந்தைக்கு ஓடினாள். புளி மூட்டைகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்த தேவராஜ் அதில் ஒன்றை வாங்கி, உயரத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"வெள்ளைத் தாள்ல யார் வேணா இன்னா வேணா அடிக்கலாம். பேப்பர்ல வந்துச்சுன்னா பேப்பரைக் காட்டு தாயீ! எங்க கீது?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் முத்தம்மாவும் நின்றிருந்தாள். ஈஸ்வரி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, சத்தியமா வந்திருக்குக்கா. அவருதான் எல்லாத்தையும் வாங்கிப் பதுக்கிட்டாரு. நாளைக்கு கிராம சபைக்கு மட்டும் வந்துடுங்க. உங்க ஊருக்குப் பாலம் கட்டியாச்சுன்னு தீர்மானம் போடப் போறாங்க."

"கையில தர்றேன்னியே, எங்க?"

ஈஸ்வரி கையிலிருந்த ஜெராக்ஸ் தாளை நீட்டினாள்.

"உடு. நீயும் அவங்களாட்டந்தான்," என்று கையை உருவிக்கொண்டு முத்தம்மா போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் ஈஸ்வரி. ரங்கசாமி கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ரங்கசாமி டீயை வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை.

அப்போதுதான் சந்தைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"யெம்மா! இது நானு! இது நாந்தான்!"

முத்தம்மாவின் குரல். ஈஸ்வரி எழுந்து ஓடினாள். ஆலங்காயத்திலிருந்து சந்தைதோறும் வந்து காராசேவு, மிக்சர் போடும் சகுந்தலாவின் கடை முன்னால் முத்தம்மா நின்றிருந்தாள். தங்கைக்கென்று வாங்கிய காராசேவு முந்தானையில் கொட்டிக் கிடந்தது. பொட்டலம் கட்டியிருந்த தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். தாளில், தலையில் சாமை மூட்டையோடு, இடுப்பளவுத் தண்ணீரில் அவளே நின்றிருந்தாள்.

"யக்கா, என்னுதுலயும் அதேதான் கீது!" என்றாள் பக்கத்தில் ஒரு பெண். "எனக்கு ராசிபலன்தான் வந்துக்கீது, மாத்திக்கலாமா?" என்றார் ஒரு பெரியவர். ஒரு நொடியில் அங்கே திருவிழாக் கூட்டம். பொட்டலம் வாங்கியவர்களெல்லாம் காராசேவை மடியில் கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்தார்கள். வாங்காதவர்கள் வாங்க முண்டினார்கள்.

சகுந்தலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலப்பா! செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பைய உடமாட்டறாங்கன்னு எப்பவும் பழைய பேப்பர் கடையிலதான் வாங்கியாருவேன். காலையில மடிப்புகூட கலையாத புதுக் கட்டா கீது. யார் போட்டதுன்னு கேட்டா, காண்ட்ராக்டர் கார்ல கொண்டாந்து எடைக்குப் போட்டுட்டுப் போனாராம்!"

சந்தையே கொல்லென்று சிரித்தது. மனுஷன் எரித்துத் தொலைத்திருக்கலாம், ஏரியில் வீசியிருக்கலாம். பாலம் கட்டச் சொன்னால் ஜல்லியோடு நிறுத்திக்கொள்கிற கைக்கு, காசு போட்டு வாங்கிய பேப்பரை எரிக்க மனசு வருமா? எடைக்குப் போட்டு வந்ததை மிச்சம் என்று பையில் போட்டுக்கொண்டார். கஞ்சத்தனமும் சில நேரம் ஊருக்கு நல்லது செய்யும்போலிருக்கிறது.

தேவராஜ் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "யம்மா, அந்தப் பேப்பரையெல்லாம் எடு. வேற ஏதாவதுல கட்டு!"

"நான் துட்டு குடுத்து வாங்கின பேப்பருங்க," என்றாள் சகுந்தலா. "உங்களுக்கு வேணும்னா காராசேவு மொத்தத்தையும் வாங்கிக்கிங்க. பேப்பரும் கூடவே வரும்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் கடைசிப் பொட்டலமும் போய்விட்டது.

முத்தம்மா புளி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். தங்கச்சியைத் தூக்கிப்போன இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். 'பாலம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்று ஒப்பந்ததாரர் தெரிவித்தார்' என்ற வரியில் எண்ணெய் ஊறியிருந்தது. ஆனாலும் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. அதை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்கள்.

மறுநாள் கிராம சபைக்குக் கல்லத்திமேடே கிளம்பி வந்தது. இடுப்பு வரை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்துத் தலைவர் தீர்மானத் தாளை இரண்டு தரம் புரட்டினார். தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்ததும் முத்தம்மா எழுந்தாள். கையில் காராசேவு கட்டிய அதே தாள்.

"பாலம் தண்ணிக்கு அடியில கீதுன்னு இவரு சொல்லிக்கீறாரு. பேப்பர்ல போட்டுக்கீது. நாங்க இல்லன்னு சொல்லல. இவரு முன்னால அதும்மேல நடக்கட்டும். நாங்க அல்லாரும் பின்னால வர்றோம்."

பார்வையாளராக வந்திருந்த அதிகாரி ஒரு பெண். அவர் தாளை வாங்கிப் பார்த்தார், முத்தம்மாவின் ஈரச் சேலையைப் பார்த்தார், பேனாவை மூடினார். "வாங்க தேவராஜ், போய்ப் பார்த்துடலாம்," என்று அவரே முதலில் எழுந்தார். சபை மொத்தமும் கானாற்றுக்கு நடந்தது. தேவராஜ் பளபளக்கும் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். நாலு எட்டு வைத்தார். அதற்குமேல் போகவும் முடியவில்லை, திரும்பவும் முகமில்லை. நடுத் தண்ணீரில் அப்படியே நின்றார். ஈஸ்வரி படம் எடுத்துக்கொண்டாள்.

தீர்மானம் அங்கேயே, கரையிலேயே மாற்றி எழுதப்பட்டது: பாலம் கட்டப்படவில்லை, உடனே கட்டவேண்டும், விசாரணை வேண்டும். கல்லத்திமேட்டுக்காரர்கள் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டார்கள். ஈஸ்வரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. கூட்டம் கலையும்போது தயங்கித் தயங்கி முத்தம்மாவிடம் போனாள்.

"அக்கா, அந்தப் பேப்பரை எனக்குத் தர்றீங்களா? நான் எழுதினதுதான். ஆனா என்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

முத்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தாளை நான்காக மடித்து, இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

"ஆசைதான். இது என் தங்கச்சிக்கு," என்றாள். பிறகு ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று உருவிக்கொண்ட அதே கை. "நீ இப்ப புடிச்சியே, அந்த ஆளு தண்ணியில நின்னது? அது நாளைக்கு வரும்ல? அதுல ரெண்டு வாங்கு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. அவன் வாங்கறதுக்கு முன்னாடி வாங்கிடு!"