தவிட்டுக்கு வாங்கிய பேத்தி

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை எதற்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தொண்ணூற்றாறாம் வருடம் விஜயஸ்ரீயையும் முறையாகப் பாபநாசத்துக்கு அனுப்பித்தான் வைத்தார்கள். ஆனால் அந்த மாதம் பார்த்து அவள் புருஷன் பாலசுப்பிரமணியனுக்கு அருவிக் குளியல் மேல் அப்படியொரு ஆசை வந்துவிட்டது. வாராவாரம் பஸ் ஏறினான். பிள்ளை சித்திரையில் பிறந்தது.

தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்பது மாமனார் காந்திமதிநாதனின் பயம். அவருக்கு ஒற்றை மகன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகுமுன்பே வலி கண்டுவிட்டதால் பிள்ளை அவர் வீட்டுக்கே வந்தது. பிறந்து ஒரு வாரமாகியும் பேத்தியின் முகத்தை அவர் பார்க்கவில்லை, வீட்டில் யாரோடும் பேசவுமில்லை. தொட்டில் கிடக்கும் அறையைத் தாண்டும்போது சுவரைப் பார்த்தே நடந்தார். விஜயஸ்ரீ துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள். இன்னும் இரண்டு நாள் பார்ப்பது, பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அன்று காலை பக்கத்து வீட்டு மிரியம் மாவு டப்பாக்களோடு வந்தார். கொச்சி யூதப் பெண்மணி, வங்கி வேலையில் மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தவர், தனிக்கட்டை. பஸ்கா பண்டிகை எட்டு நாளும் கோதுமை, மைதா, ரவை எதுவும் அவருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாதாம். வருடாவருடம் எல்லாவற்றையும் காந்திமதிநாதனுக்கு ஒரு ரூபாய்க்கு விற்பார். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். காந்திமதிநாதனும் ஒரு உப்புமாவுக்குக்கூட யாரையும் தொடவிடாமல் காவல் காப்பார்.

“பேத்தி பொறந்ததுக்கு இனிப்பு இல்லையா அண்ணாச்சி?”

“சித்திரையில பொறந்திருக்கு. என்னத்த இனிப்பு?”

அறைக்குள்ளிருந்து விஜயஸ்ரீ காதைத் தீட்டிக்கொண்டாள்.

“எங்களுக்கு இது நிசான் மாசம். ரெண்டு மாசத்துக்கும் ராசி ஆடுதான், மேஷம். எங்க ஆளுங்க எகிப்துல அடிமைப்பட்டுக் கெடந்து விடுதலையான மாசம், மாசங்களுக்கெல்லாம் தலை. மாசத்துக்கு ஒரு சக்தி சொல்லுவாங்க, இதுக்குப் பேச்சு. அடைச்ச வாய் திறக்கும்.”

“அது ஒங்க வீட்டுக் கணக்குல்லா?”

“அப்ப பிள்ளைய என் வீட்டுக்கு வித்திடுங்க. என் மாவு ஒங்க மாவாகும், ஒங்க பிள்ளை என் பிள்ளையாகாதா?”

காந்திமதிநாதன் கையிலிருந்த மாவு டப்பாவைக் கீழே வைத்தார். ஆகாத நேரத்தில் பிறந்த பிள்ளையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது அவர் குடும்பத்திலும் உள்ள வழக்கம்தான். பயத்தில் மறந்தே போயிருந்தார்.

அவர் தலையாட்டியதும் விஜயஸ்ரீ வெளியே வந்து பிள்ளையை மிரியம் கையில் கொடுத்தாள்.

“மாவு மாதிரியே எட்டு நாள் கழிச்சுத்தானே திரும்ப வாங்குவீங்க?” என்று மிரியம் சிரித்தார்.

“முறைன்னா முறைதான். பால் குடுக்க நீ போய்ட்டு வாம்மா,” என்றார் மாமனார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தொட்டில் காலியானதும் வீடு வெறிச்சோடியது. மாமனார் உட்கார்ந்தார், எழுந்தார், மதிலோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் பிள்ளை வீறிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஆளைக் காணோம்.

விஜயஸ்ரீ பால் கொடுத்துக் கிளம்பும் நேரத்தில், சுளகு நிறையத் தவிட்டோடு அவர் மிரியம் வீட்டு வாசலில் நின்றார். சட்டையெல்லாம் தவிடு.

“அண்ணாச்சி, எட்டு நாள்?”

“மாவு எத்தன நாள் வேணாலும் கெடக்கட்டும். பிள்ளையக் குடுங்க.”

சுளகை இறக்கிவைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். முதன்முதலாக அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏட்டி, ஒங்கப்பன் அருவிக்குப் போனதுக்கு நான்லா தவிடு சுமக்கேன்.”