வலது பக்கத்து உறை

மூன்றாவது கத்தியும் அவள் கையிலிருந்து நழுவிக் கண்ணாடி மேசைமேல் விழுந்தது. கடைக்காரர் அதை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி நாலாவதை நீட்டினார். அந்த மனிதருக்கு மனசுக்குள்ளேயே ஒரு பெரிய நன்றி சொன்னான் சடன் பிரேக்.

சடன் பிரேக் என்பது டிப்போவில் வைத்த பெயர். பதினேழு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறான். நாய் குறுக்கே வந்தால் எல்லாரும்தான் நிறுத்துவார்கள். இவன், வரலாமா வேண்டாமா என்று நாய் யோசித்தாலே நிறுத்திவிடுவான். மனைவிக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் காய்கறி வெட்டும் வேலை. இடது கைக்காரி. பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கத்தி பாட்டுக்கு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். துண்டுகள் அச்சில் வார்த்த மாதிரி விழும். அங்கே அவளை 'மாஸ்டர்' என்பார்கள். கல்யாணமான புதிதில் இவனும் கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே ஒட்டிக்கொண்டது.

வருடத்துக்கு நாலு நாள் இருவரும் லீவு போட்டுவிட்டு ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பார்கள். கூடாரத்தைக் கோணலாக அடிப்பது அவன் வேலை. விறகு சீவுவது, மீன் கழுவுவது, காய் வெட்டுவது, அவனைத் திட்டுவது எல்லாம் அவள் வேலை. அதற்கென்றே ஒரு மடக்குக் கத்தி உண்டு. போன மாதம் ஒரு காலையில் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து நெம்ப வேண்டும். விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. துருப்பிடித்துவிட்டது போல, என்றாள். அவன் வாங்கிப் பார்த்தான். கத்தி வெண்ணெயாகத் திறந்தது. ஆமாம், துருதான் என்று சொல்லி, அவள் கண்ணெதிரே நாலு சொட்டு எண்ணெய் விட்டான்.

இரண்டு வாரத்துக்கு முன் டாக்டர் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நரம்பு வியாதி. கையோடு நிற்காது. கால், தொண்டை, மூச்சு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகும். மருந்து வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தாது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம் வந்து, உடம்பில் சத்து போதவில்லையாம் என்றான். அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கே அவன் ஒரு கண்டுபிடிப்புச் செய்தான். கையில் கோளாறு இல்லை, கத்தியில்தான் கோளாறு. மடங்காத கத்தியாக வாங்கிவிட்டால் திறக்கிற தொல்லையே கிடையாது. உறையிலிருந்து உருவினால் தீர்ந்தது. ஏரிக்கு இன்னும் ஒன்பது நாள். இந்தக் கடையில் அவள் கைக்கு ஒன்று அமைந்துவிட்டால் எல்லாம் போன வருடம் போலவே நடக்கும், டாக்டர் சொன்னது பொய்யாகிவிடும். அப்படி ஒரு பந்தயம் கட்டியிருந்தான். யாரோடு கட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

வெட்டிப் பார்க்காமல் விற்கக் கூடாது என்பது கடைக்காரரின் பிடிவாதம். மேசைமேல் ஒரு மரப்பலகை, இரண்டு கேரட், ஒரு தக்காளி, ஒரு விறகுக் குச்சி. முதுகு தடித்த கத்தி விறகைப் பிளக்கும், ஆனால் கேரட்டை வெட்டாது, உடைக்கும். ரொம்ப மெல்லிசு என்றால் தக்காளிக்காக உயிரைக் கொடுக்கும், விறகில் வைத்தால் அதன் உயிர் போய்விடும். நடுவில் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்றார்.

நாலாவதற்குப் பருத்த ரப்பர் பிடி. அவள் விரல்கள் அதைச் சுற்றி மெல்ல மூடின. தக்காளியின் தோல் நசுங்காமல் பிரிந்தது. ஒரு வில்லை. இரண்டு. மூன்று. சடன் பிரேக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அடுத்து கேரட். கத்தி பாதியில் நின்றது. வலது கை வந்து இடது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தது. இரண்டு கையுமாக அழுத்தினாள். கேரட் உருண்டு ஓடியது. அவள் கத்தியைக் கீழே விடவில்லை. தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலப் பலகையில் வைத்தாள்.

"நீங்க பிடிங்க," என்றாள்.

பிடித்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு இடமில்லை, இது வேண்டாம் என்று தள்ளினாள். பிறகு கேன்டீனுக்குச் சாமான் எடுக்கும் மாஸ்டராகவே மாறிவிட்டாள். உள்ளே இரும்பு பிடியின் கடைசி வரை போகிறதா? ஈரக் கையில் வழுக்குமா? கூர் நன்றாக நிற்கும் என்று கடைக்காரர் ஒரு கார்பன் ஸ்டீலை எடுத்ததும் கையைக் காட்டித் தடுத்தாள். "இவரு கழுவினா தொடைக்க மாட்டாரு. துருப்பிடிக்காததா குடுங்க." சடன் பிரேக் சிரித்தான். இந்தத் திட்டைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

கடைசியில் நாலு அங்குல அலகும் மரப்பிடியுமாக ஒன்று அமைந்தது. கடைக்காரர் அதன் உறையையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டார். இடுப்பில் எந்தப் பக்கம் தொங்க வேண்டுமோ அதற்குத் தக்கபடி உறையின் பட்டையை மாற்றி மாட்டுவாராம். எந்தக் கையால் உருவுவீர்கள் என்று கேட்டார்.

"இடது," என்றான் அவன்.

"வலது," என்றாள் அவள்.

ஒரே நேரத்தில். ஸ்க்ரூ டிரைவர் அந்தரத்தில் நின்றது.

"மாஸ்டர், உனக்குத்தானே வாங்கறோம்?"

"நரம்பு வார்டுக்கு எட்டு வருஷமா நான்தாங்க வெட்டறேன்." குரலை உயர்த்தவில்லை. "இந்த வியாதிக்காரங்களுக்கு மொதல்ல 'சின்னத் துண்டு'ன்னு சாப்பாட்டுச் சீட்டு வரும். அப்புறம் 'மசிச்சது'ன்னு வரும். அப்புறம் 'தண்ணியா'ன்னு. அப்புறம் அந்தப் பெட்டுக்குச் சீட்டே வராது. டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்கள நான் கேட்டேனா?"

அவன் வலது கால் தரையை அழுத்தியது. பதினேழு வருடப் பழக்கம். அழுத்தி என்ன, எதுவும் நிற்கவில்லை.

கடைக்காரர் சத்தமில்லாமல் பட்டையை வலது பக்கத்துக்கு மாட்டினார். இரண்டு ஸ்க்ரூ. பிறகு உள்ளே எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

"ஏரிக்கு?" என்று கேட்டான்.

"வரேன். வராம? இந்தத் தடவ நான் உக்காந்துட்டுத் திட்டறேன், நீங்க வெட்டுங்க." கேரட்டை அவன் பக்கம் உருட்டினாள். "இப்பவே பழகுங்க."

வெட்டினான். கோடாலி போட்ட மாதிரி விழுந்தது.

"இது மாட்டுக்கு. விரல் நுனிய உள்ள மடக்குங்க." தன் இடது கையைத் தூக்கி, கேரட்டைப் பிடித்திருந்த அவன் கைமேல் வைத்து விரல்களை மடக்கப் பார்த்தாள். அந்தக் கைக்குக் கனமே இல்லை. அவனாகவே மடக்கிக்கொண்டான், அவள் மடக்கியது போல. வில்லைகள் கொஞ்சம் மெலிந்தன. வில்லைகளை அடுக்கிக் குறுக்கே வெட்டச் சொன்னாள். வெட்டினான். இருக்கிறதிலேயே பொடியான ஒரு துண்டை எடுக்கப் போனாள். முதல் தடவை சிக்கவில்லை. இரண்டாம் தடவையும். மூன்றாவதில் எடுத்து வாயில் போட்டு, உப்பு பார்ப்பவள் போலக் கண்ணை மூடி மென்றாள். அது தொண்டையில் இறங்கும் வரை அவன் மூச்சு விடவில்லை.

"இன்னும் சின்னதா," என்றாள்.

அவன் பலகையின் மேல் குனிந்தான். கடைக்காரர் திரும்பி வந்து இரண்டாவது கேரட்டை அவன் கைப்பக்கம் நகர்த்தி வைத்தார். கண்ணீர் கண்ணை மறைத்தது. சடன் பிரேக் நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே இருந்தான். துண்டுகள் அரிசியளவுக்குப் பொடிந்து, பலகையின் விளிம்பு வரை ஆரஞ்சு நிறமாகப் பரவின.