வெள்ளையடித்த தூண்கள்

படகுத்துறையின் மரத்தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. நல்ல தூண் ‘ணங்’ என்னும். உள்ளே புழு தின்றது ‘பொத்’ என்னும். பொத்தென்றவற்றில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். குறி உள்ளதைக் கிரேன் பிடுங்கிவிட்டுப் புதியதை இறக்கும்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு குறியையும் காணோம். சாயங்காலம் கம்பெனித் தலைவர் வீட்டு விருந்துப் படகு வருகிறதென்று மேனேஜர் அத்தனை தூண்களுக்கும் வெள்ளையடித்துவிட்டார். நல்லதும் உளுத்ததும் கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி பளிச்சென்று நின்றன.

“அடடா, உங்க குறியெல்லாம் அழிஞ்சிடுச்சேம்மா! மன்னிச்சுக்குங்க” என்றார் மேனேஜர்.

“பரவாயில்ல சார்.”

அது அவள் சொன்னதல்ல, வாய் சொன்னது. மாமியார் அவளுக்குக் குழம்பு மிச்சம் வைக்காவிட்டாலும், கணவன் அவள் பிறந்தநாளை மறந்தாலும் அந்த வாய் அதையேதான் சொல்லும். அவ்வளவு நல்ல வளர்ப்பு.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. போனை எடுத்தார். “கிரேனைத் திருப்பி அனுப்பிடுங்க. தூணெல்லாம் பரவாயில்லையாம். இன்ஜினியரம்மாவே சொல்லிட்டாங்க.”

சாயங்காலம் அந்தத் தூண்களை நம்பி ஒரு கூட்டமே துறை மேடையில் நிற்கும். மேடை சரிந்தால் இவளும் எல்லாரோடும் ஓடிப்போய்த் துக்கம் விசாரிக்கலாம்.

“சார், நான் பரவாயில்லன்னது உங்களை. தூணை இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“இல்ல சார். தூண் உளுத்துப்போச்சு.”

“இப்பதானே நல்லாச் சொன்னீங்க? எம்மேல கோபமா?”

‘சேச்சே, அதெல்லாம் இல்ல சார்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். மாத்திரைபோலக் கசந்தது.

“ஆமா சார். கோபந்தான்.”

தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம். மேனேஜர் ஓரடி பின்வாங்கினார்.

வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த கிரேன் ஓட்டுநர் தலையை நீட்டினார். “அக்கா, போகவா, நிக்கவா? ஒரு முடிவுக்கு வாங்க. இது என்ன சைக்கிளா, சும்மாச் சும்மாத் திருப்ப?”

“நில்லுங்கண்ணே!”

முதல் தூணைத் தட்டினாள். பொத். காயாத வெள்ளையின்மேல் அழுத்திப் பெருக்கல் போட்டாள். சிவப்பு வழிந்தது.

“ஐயோ, நேத்து ராத்திரிதான் அடிச்சது!” மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆறுதல் சொல்ல அவள் வாய் தானாகத் திறந்தது.

சட்டென்று பெயின்ட் பிரஷ்ஷைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு அடுத்த தூணுக்கு நடந்தாள்.