தள்ளாட்டத்துக்கு ஏழு அட்டை

அவருக்கு அலுவலகத்தில் ‘அகராதி’ என்று பெயர். முப்பது வருடமாக ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுகிறவரை அப்படிக் கூப்பிடுவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயரை முதலில் வைத்தவள் அவர் மனைவி. கல்யாணமான மூன்றாம் நாளே வைத்துவிட்டாள். அப்போது அவர் அந்த வேலையில் சேர்ந்திருக்கவே இல்லை.

அகராதி அங்கே ஒரு விதி வைத்திருந்தார். வினைச்சொல் எதுவானாலும் முதலில் அதைச் செய்து காட்ட வேண்டும், பிறகுதான் பொருள் எழுத வேண்டும். செய்து காட்டுவது அவர். பார்த்து அட்டையில் எழுதுவது மற்ற மூன்று பேர். முடியும்வரை யாரும் பேசக்கூடாது, கிட்டே வரக்கூடாது, தொடவே கூடாது. நொண்டுவதற்கான சொல் வந்தபோது ஒரு நாள் முழுக்க நொண்டினார். தவழ்வதற்கான சொல் வந்த அன்று பார்த்து மேலாளர் உள்ளே வந்துவிட்டார். அப்போதும் அகராதி எழுந்திருக்கவில்லை. பாதிச் சொல்லில் எப்படி எழுவது?

இப்போது வயது அறுபத்தொன்று. வருடா வருடம் ஆளைப் பார்த்து வேலையை நீட்டிக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் மறுபடி பார்ப்பார்கள். இந்த நேரம் பார்த்துத்தானா மூன்று வாரமாக அவருக்குத் தலை சுற்ற வேண்டும்! மேல் தட்டிலிருந்து புத்தகம் எடுக்க அண்ணாந்தால் போதும், அறை கழன்றுகொண்டு போகும். விஷயம் தெரிந்தால் ‘உடம்பைப் பாத்துக்கோங்க சார்’ என்று கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். ஜன்னலோர நாற்காலியில் காற்புள்ளி வந்து உட்கார்ந்துவிடுவான். காற்புள்ளி என்பது துணையாசிரியர். மூச்சு விடுகிற இடமெல்லாம் காற்புள்ளி போடுகிறவன்.

மனைவியிடம் சொல்லலாம் என்றால், அவளுடைய தையல் கடை அலுவலகத்துக்கு நேர் எதிரே. அலுவலகத்தில் பாதிப் பேர் அவளிடம்தான் அளவு கொடுக்கிறார்கள். அவளிடம் சொல்வதும் தமுக்கு அடிப்பதும் ஒன்று என்று நினைத்து, அகராதி வாயை மூடிக்கொண்டார்.

அப்படியிருக்க, அகரவரிசை யாருக்காகவும் நிற்காதே. செவ்வாய்க்கிழமை காலை ‘ரீல்’ வந்து நின்றது.

முதல் மூன்று பொருளில் தொல்லை இல்லை. நூல் சுற்றும் உருளை, படச்சுருள், தூண்டில்காரன் கைச்சுருள். நான்காவதில்தான் சங்கடம்: தள்ளாடு, தடுமாறு, தலைசுற்று, சுழல்.

“இதுக்குச் செஞ்சு காட்ட வேண்டாம்” என்றார் அகராதி. “எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தள்ளாடுறதுன்னா குடிச்சவன். தடுமாறுறதுன்னா கால் இடறினவன். தலை சுத்துறது உக்காந்திருக்கிறவனுக்கும் வரும். எழுதிக்கோங்க.”

“சார், விதி நீங்க போட்டதுதானே?” என்றான் காற்புள்ளி, வெகு பணிவாக. “தவழ்ந்தே காட்டினீங்க. இது என்ன பெரிய விஷயம்?”

தட்டச்சுக்காரம்மாவும் சரிபார்ப்பவரும் ஏற்கெனவே அட்டையும் பென்சிலுமாகத் தயாராக இருந்தார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பது வினைச்சொல்லுக்கும் பொருந்தும்போல. அகராதி எழுந்து நடு அறைக்கு வந்தார். இரண்டு எட்டு பொய்யாகத் தள்ளாடினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நயத்துக்காகத் தலையை அண்ணாந்து ஒரு திருப்புத் திருப்பினார்.

சுவர் நகர்ந்தது. அலமாரி மேலே போயிற்று, ஜன்னல் கீழே வந்தது. பயத்தில் இரண்டு கையையும் நீட்டினார். மூன்று பேர் எதிரே நின்றார்கள்; மூன்று பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் அலமாரியில் மோதி, நெற்றி இடித்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். தட்டச்சுக்காரம்மா இடம் போதாமல் இன்னொரு அட்டை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அறை நின்றது. அதன்பிறகு கைதட்டல்.

“சார், நீங்க மேடைக்குப் போயிருக்கணும்” என்றார் சரிபார்ப்பவர்.

அகராதிக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதை. வலிக்கிறது என்று கத்த முடியாது. இதில் வெட்கக்கேடு, அந்தக் கைதட்டல் அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. “எல்லாரும் எழுதியாச்சா?” என்று கேட்டு, ஏழு அட்டைகளையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி நெற்றியைப் பார்த்தாள். “என்னங்க இது?”

“செஞ்சு காட்டினேன். ரீல்ங்கிற சொல்லுக்கு.”

“எங்கிட்டயே ரீலா?” என்றாள் அவள். “மூணு வாரமா சுவத்தப் புடிச்சிட்டு நடக்கிறீங்க. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நாளைக்குக் காலைல டாக்டர்.”

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. “என்ன பண்ணுது சார்? தலை கிறுகிறுங்குதா, அறை சுத்துதா, இல்ல நடக்கும்போது ஒரு பக்கமா தள்ளுதா?”

“இந்த மூணும் வேற வேற” என்று அகராதி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கிறுகிறுப்புங்கிறது—”

கால் மணி நேரம் விளக்கினார். மூன்றும் எப்படி வேறு என்று டாக்டருக்கு நன்றாகப் புரிந்தது. அவருக்கு எது என்பது மட்டும் புரியவில்லை.

மனைவி பொறுத்துப் பார்த்தாள். அவர் மடியிலிருந்த பையைப் பிடுங்கி, ஏழு அட்டைகளையும் மேசையில் பரப்பினாள். “நேத்து இவர் விழுந்தத மூணு பேர் நின்னு எழுதியிருக்காங்க. படிச்சுப் பாருங்க.”

டாக்டர் படித்தார். அண்ணாந்து, வலப்பக்கம் தலை திரும்பியதும் தொடக்கம். கருவிழி படபடவெனத் துடிக்கிறது. இருபத்திரண்டு எண்ணும்வரை நீடிக்கிறது, பின் தானே அடங்குகிறது. கடைசி இரண்டு அட்டை காற்புள்ளி எழுதியவை. ஒரு காற்புள்ளிகூட அதிகம் இல்லை. தன் நாற்காலிக்கு இவனே சரியான ஆள் என்று அகராதிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

“இவ்வளவு சுத்தமா எந்த நோயாளியும் சொன்னதில்ல” என்றார் டாக்டர். “காதுக்குள்ள இருக்கிற கோளாறாத்தான் தெரியுது. படுக்க வச்சுத் தலையத் திருப்பிப் பாத்துடலாம். அப்படித் திருப்பியே சரிபண்ணிடலாம். பத்து நிமிஷ வேலை.”

“வேலைக்குப் போகலாமா?”

“தாராளமா.”

பத்து நிமிட விஷயத்துக்கு மூன்று வாரம் சுவரைப் பிடித்திருக்கிறார். டாக்டர் படுக்கையைச் சரிசெய்யப் போன நேரத்தில், மனைவி கடைசி அட்டையை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். காற்புள்ளியின் கையெழுத்து: ‘விழும்போது இரு கையையும் நீட்டி, “இவளே, பிடி” என்று இரண்டு முறை சொல்கிறார். மிகை நடிப்பு. நீக்கலாம்.’

அப்படிச் சொன்னது அகராதிக்கே நினைவில்லை. அவள் அட்டையைக் கீழே வைக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபமும் வந்தது.

“வீட்ல பக்கத்துலயே இருந்தேன்” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அலமாரிகிட்டப் போயி என்னக் கூப்பிட்டிருக்கீங்க.”

டாக்டர் படுக்கையைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

“இப்பப் படுக்க வச்சு வலப்பக்கம் திருப்புவேன்” என்றார் டாக்டர். “சுத்தும். சுத்த ஆரம்பிச்சதும் சொல்லணும். அம்மா, நீங்க தோளப் புடிச்சுக்கோங்க.”

படுத்தார். தலை திரும்பியது. விளக்கு நகர்ந்தது, கூரை பின்னாலேயே போயிற்று. அகராதி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சுத்துது” என்றார். “இவளே, சுத்துதுடி.”

“சொல்ல வருதுல்ல?” என்றாள் அவள், பிடியைத் தளர்த்தாமல். “அப்புறமென்ன, அகராதி?”