துரையின் ஈறுகள்

துரையை வளர்த்தது தையல்காரிதான். மாடிப்படிக்குக் கீழே கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை எடுத்துப் பாலூட்டி, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கூடை வைத்துப் படுக்கை போட்டவள் அவள். நடையில் இருந்த மிடுக்கைப் பார்த்துத் துரை என்று பெயர் வைத்தாள். புருஷன்கூட அவளைக் கேட்டுத்தான் அதைத் தொடுவான். அப்பேர்ப்பட்ட பூனை, கொழுந்தன் பெண்டாட்டி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கட்சி மாறிவிட்டது.

தையல்காரி தட்டில் பூனைப் பிஸ்கட்டைக் கொட்டினால் ஒன்றைக் கவ்வும், உடனே துப்பும், தலையை உதறிக்கொண்டு போய்விடும். இளையவள் உள்ளங்கையில் வைத்து நீட்டினால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நக்கும். பார்க்கப் பார்க்கத் தையல்காரிக்கு வயிறு எரிந்தது. சும்மா விடுவாளா? கடையில் இருப்பதிலேயே உசத்தியான, மொறுமொறுவென்ற பிஸ்கட்டாகத் தேடி வாங்கி வந்தாள். துரை அதையும் துப்பியது. அதைவிட மொறுமொறுப்பாக இன்னொன்று வாங்கினாள். பிறகு அவளைக் கண்டாலே அது கட்டிலுக்கடியில் ஒளிந்தது.

இளையவள் என்னவோ சொக்குப்பொடி போடுகிறாள் என்று தையல்காரி கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து, ஒருநாள் சமையலறையில் பிடித்தே விட்டாள்.

“எம் பூனைக்கு என்ன கலக்குற?”

“வெந்நீர்தான்க்கா. ஊறவெச்சாதான் தின்னுது. வாய்கூட நாறுது, நீங்க கொஞ்சம் பாருங்களேன்.”

“நேத்து வந்தவ, எம் பூனை வாயை மோந்து பாத்து எனக்கே சொல்றியா? உன் வேலையப் பாரு!”

 ஆனாலும் இளையவள் ஊறவைப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த வாரம், தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைமேல் துரை தூங்கி எழுந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருந்தது. ஊசி குத்திவிட்டதாக்கும் என்று தையல்காரி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிலும் ரத்தம் இல்லை. பதறிப்போய்ப் பூனையின் உதட்டைத் தூக்கினாள். ஈறு முழுக்கச் சிவந்து வீங்கி, ரத்தம் கசிந்தது.

வைத்தியரிடம் கொண்டுபோகக் கூடைக்குள் விடப் பார்த்தால் துரை அவளிடம் வரவில்லை. இளையவள் கூப்பிட்டதும் வந்தது. அந்த நேரத்திலும் தையல்காரிக்குச் சுருக்கென்றது.

“பல்லுல கறை கல்லா படிஞ்சு ஈறு புண்ணாயிருக்கு. ரெண்டு பல்லை எடுத்தாகணும். கெட்டியா எதக் கடிச்சாலும் உயிர் போற வலி,” என்றார் வைத்தியர். “ஊறவெச்சுக் குடுத்தது யாரு? அதனாலதான் பட்டினி கெடக்காம தப்பிச்சுது.”

“அக்காதான்,” என்றாள் இளையவள்.

 போட்டிக்கு வந்தவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்பதுதான் தையல்காரிக்குத் தாங்கவில்லை.

“புண் ஆறினதும் தினமும் பல் தேச்சு விடணும். தேய்க்கிறவங்கமேல பூனைக்குக் கோவமாத்தான் இருக்கும்,” என்றார் வைத்தியர்.

தையல்காரி முந்திக்கொண்டாள். “நீயே தேய்.”

“சரிக்கா.”

நினைத்தபடியே நடந்தது. புண் ஆறி, இளையவள் துரையைத் துண்டில் சுற்றிப் பல் தேய்த்த முதல் நாளே, அது திமிறிக்கொண்டு ஓடிவந்து தையல்காரியின் மடியில் ஏறியது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் அதே கதை. அங்கே பிறாண்டல், இங்கே மடி.

ஒரு காலை, காபி வாங்கும்போது இளையவளின் கையைப் பார்த்தாள். முழங்கைவரை கீறல்கள், பழையதும் புதியதுமாக.

“இன்னிக்கு ரத்தம் வரலைக்கா! ஈறு நல்லா ரோஸா இருக்கு,” என்று அவள் சிரித்தாள்.

துரை மடியில்தான் கிடந்தது. ஆனாலும் தையல்காரிக்குப் பழையபடி வயிறு எரிந்தது, இந்தத் தடவை அந்தக் கீறல்களைப் பார்த்து. அதில் ஒன்றுகூடத் தன் கையில் இல்லை.

“குடு அந்த பிரஷ்ஷை. நாளையிலருந்து நான் தேய்க்கிறேன்.”

“பிறாண்டும்க்கா.”

“பிறாண்டட்டும். எம் பூனை.”