ஆற்றங்கரையில் நின்ற கோடுகள்

"நீ ஒரு மாசம் உக்காந்து போடுற மேப்பை என் தங்கச்சியோட ப்ரோக்ராம் ஒரு காபி குடிக்கிற நேரத்துல போட்டுடுதாமே!" என்று கணவன் சாப்பாட்டு மேசையில் சொன்னதிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் பாறைப் பிளவுகளைக் கண்ணால் தேடிக் கோடு போடுவது அவள் வேலை. நாத்தனார் அதே அலுவலகத்தில் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தக் கோடுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் ப்ரோக்ராம் ஒன்றை எழுதிவிட்டாள். புதிய அணைக்கான வரைபடம் யார் பொறுப்பில் என்று மறுநாள் கூட்டத்தில் முடிவாகும். "அண்ணி, அண்ணி" என்று எந்நேரமும் காலைச் சுற்றி வருகிற பெண். வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை.

கூட்டத்துக்கு முன்னால் ப்ரோக்ராம் போட்ட படத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். கிடைத்துவிட்டது. மனம் துள்ளியது. வெட்கமாகக்கூட இல்லை. கூட்டம் தொடங்கியதும் எழுந்துவிட்டாள்.

"சார், இதுல ஒரு கோடும் ஆத்தைத் தாண்டலை. எல்லாம் கரையிலயே நின்னுடுது. ஆறு வருதுன்னு பாறை வெடிக்காம இருக்குமா? அணை கட்டப் போறதே ஆத்துக்குக் குறுக்கதானே?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா இப்படி?"

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "பழைய மேப்பெல்லாம் குடுத்துத்தான் பழக்கினேன் சார். அதுல அப்படித்தான் இருந்துச்சு."

பழைய மேப். அவள் வருஷக்கணக்காகப் போட்டவை. கண்ணுக்குத் தெரியாததை வரைய மாட்டேன் என்பது அவளுடைய பிடிவாதம். ஆற்று மணல் மூடிய இடம் வந்தால் பென்சிலை எடுத்துவிடுவாள். அந்தப் பெருமையையும் சேர்த்தல்லவா கற்றுத் தொலைத்திருக்கிறது இந்தச் சனியன்!

"யார் போட்ட மேப்?" என்றார் அதிகாரி.

நாத்தனார் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "பல பேர் போட்டது சார். நான்தான் சரிபாத்திருக்கணும்."

அதிகாரி அணை வரைபடத்தை அண்ணியிடமே ஒப்படைத்தார். நாத்தனார் தன்னை மாட்டிவிட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இப்போது அந்த நல்ல மனசைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

மாலையில் கணவன் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டான். "என்ன, யாரு ஜெயிச்சது?"

"அண்ணிதான். அப்பப்பா, என்ன கண்ணு அவங்களுக்கு!" என்றாள் நாத்தனார் பின்சீட்டிலிருந்து. குரலில் துளி கள்ளம் இல்லை. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார் பாலத்தில் ஏறியது. ஆறு வற்றிக் கிடந்தது. இந்தக் கரைப் பாறையில் இறங்கிய கறுத்த வெடிப்பு ஒன்று மணலுக்குள் மறைந்து, எதிர்க்கரையில் அதே நேர்கோட்டில் மேலேறிப் போனது. சட்டென்று பின்னால் பார்த்தாள். ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நாத்தனாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.